வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவது: முதல் சம்பளம் கைக்கு வரும் முன்பே செய்ய வேண்டியவை

முதல் சம்பளம் கணக்கில் விழுந்ததும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த அவசரத்தில்தான் தவறான வழியைப் பிடிப்பது, பெயர் பொருந்தாமல் பணம் நடுவழியில் நிற்பது, நல்ல நாணய மாற்று விலை என்று நம்பி ஏமாறுவது எல்லாம் நடக்கின்றன. ஏற்பாட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதால் சம்பளம் வரும்வரை காத்திருக்காதீர்கள். வேலையில் சேர்ந்த வாரமே தொடங்குங்கள்.

1. பணம் போய்ச் சேரும் கணக்கை முதலில் சரிசெய்யுங்கள்

அனுப்பும் பக்கத்தைப் பற்றியே எல்லாரும் யோசிக்கிறார்கள். சிக்கல் பாதி வாங்கும் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் இருப்பவரின் கணக்கு இயக்கத்தில் இருக்கிறதா, அடையாள ஆவணங்கள் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றனவா, கணக்கோடு இணைந்த கைப்பேசி எண் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல வருடம் தொடாமல் கிடந்த கணக்கை வங்கி முடக்கி வைத்திருக்கலாம். அதற்கு அனுப்பினால் பணம் திரும்பி வரும். வரும்போது மாற்று விலையும் கட்டணமும் தின்றது போக மீதிதான் வரும்.

யார் பெயரில் அனுப்புகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அப்பா, அம்மா, துணைவர் கணக்குக்குப் போன பணம் சட்டப்படி அவர்களுடையது. வீட்டுச் செலவுக்கு அது சரி. உங்களுக்கென்று சேர்க்கும் பணத்தை உங்கள் பெயரில் இருக்கும் கணக்குக்கே அனுப்புங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்பவருக்கென்று தனிக் கணக்கு வகை உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியக் குடிமக்கள் வேலைக்காக வெளிநாடு போனபின், தங்கள் பெயரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வரும் வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தைச் சேர்க்க என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, பணத்தைத் தடையின்றித் திரும்ப வெளியே எடுக்கலாம். என்.ஆர்.ஓ. வட்டிக்கு வரி உண்டு, வெளியே எடுக்க நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பும் உண்டு. இலங்கையில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு இருக்கிறது. இவற்றைத் திறக்க என்ன வேண்டும் என்று ஊரில் இருக்கும்போதே வங்கியிடம் கேட்டுவைப்பது நல்லது. வெளியே போனபின் கையெழுத்துச் சான்று, தூதரகச் சான்று என்று அலைய நேரலாம்.

2. பெயரை எழுத்து எழுத்தாகப் பொருத்துங்கள்

தமிழ்ப் பெயர்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஓர் ஆவணத்தில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், ஆனால் செயலி அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அவசரத்தில் ஏதோ ஒன்றை நிரப்பினால் உங்கள் அடையாளச் சோதனை தோற்றுவிடும்.

அனுப்புபவர் பெயரை உங்கள் கடவுச்சீட்டில் அல்லது வசிப்பிட அட்டையில் உள்ளபடியே கொடுங்கள். பெறுபவர் பெயரை அவருடைய வங்கிக் கணக்கில் உள்ளபடி கொடுங்கள். ரொக்கமாக வாங்கப் போகிறார் என்றால் அவர் கையில் கொண்டுபோகும் அடையாள அட்டையில் உள்ளபடி. வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம். வாட்ஸ்அப்பில் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லாதீர்கள். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையோ ரத்து செய்த காசோலையையோ படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து நீங்களே எழுதுங்கள்.

குடும்பப் பெயர் இல்லாதவர்கள் சேவை நிறுவனத்தின் உதவிப் பிரிவிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒவ்வொரு விதமாகக் கையாளும்.

பரவலாக உள்ள பெயராக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். எல்லா நிறுவனங்களும் அனுப்புபவர், பெறுபவர் பெயர்களைத் தடைப்பட்டியல்களோடு, அதாவது பணப் பரிமாற்றம் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியல்களோடு, ஒப்பிடுகின்றன. அதில் உள்ள எவரோ ஒருவரின் பெயரோடு ஒத்துப்போனால் பணம் நிறுத்தி வைக்கப்படும். பிறந்த தேதியும் அடையாள ஆவணமும் கேட்பார்கள். பயப்பட வேண்டியதில்லை. கேட்டதை அன்றே அனுப்பினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் விடுவார்கள். பதில் சொல்லாமல் விட்டால்தான் வாரக்கணக்கில் கிடக்கும்.

3. ஆவணங்களை ஒரே கோப்பில் வையுங்கள்

கடவுச்சீட்டு, விசா அல்லது வசிப்பிட அனுமதி அட்டை, முகவரிச் சான்று, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை செய்யும் நாட்டின் வரி எண். இவ்வளவும் தெளிவான படங்களாகக் கைப்பேசியில் இருக்கட்டும். நான்கு மூலையும் தெரிய வேண்டும், விளக்கொளி பளிச்சிட்டு எழுத்தை மறைக்கக் கூடாது.

முகவரிச் சான்றில்தான் புதிதாக வந்தவர்கள் மாட்டுகிறார்கள். மூன்று மாதத்துக்குள் வந்த மின்கட்டண ரசீது அல்லது வங்கி அறிக்கை கேட்பார்கள். நான்கு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டால் ரசீது உங்கள் பெயரில் இருக்காது. இதற்குச் சிறந்த வழி, சம்பளக் கணக்கு திறக்கும்போதே சரியான முகவரியைக் கொடுத்துவிட்டு, அந்த வங்கியின் அறிக்கையையே சான்றாகப் பயன்படுத்துவது. நிறுவன விடுதியில் இருப்பவர்கள் மனிதவளப் பிரிவிடம் கடிதம் வாங்கலாம். எல்லா நிறுவனங்களும் அந்தக் கடிதத்தை ஏற்காது என்பதால் முன்கூட்டியே கேளுங்கள்.

வசிப்பிட அட்டை காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அட்டை முடிந்த மறுநாளே பல சேவைகள் உங்கள் கணக்கை நிறுத்திவிடும். புதுப்பித்த அட்டை வந்தவுடன் வங்கியிலும் செயலியிலும் பதிவேற்றுங்கள்.

4. எந்த வழி எதற்கு ஏற்றது

வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பும் ஸ்விஃப்ட் முறை பெரிய தொகைக்கு ஏற்றது: வீடு வாங்க, கடன் அடைக்க. மாதச் செலவுக்கு இது பெரும்பாலும் விலை கூடிய வழி. இடையில் வேறு வங்கிகள் கைமாற்றிக் கொடுக்கும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம்.

செயலி வழியாக அனுப்பும் சேவைகள் பொதுவாக மலிவானவை, வேகமானவை. சில நிமிடத்திலிருந்து இரண்டு வேலைநாள் வரை ஆகும்.

எக்ஸ்சேஞ்ச் எனப்படும் நாணய மாற்றுக் கடைகளில் நேரில் கொடுத்தும் அனுப்பலாம். செயலி பழக்கமில்லாதவருக்கும், கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவருக்கும் இது உதவும். கடைக்குக் கடை விலை மாறும், ஒன்றுக்கு இரண்டு இடத்தில் கேளுங்கள்.

ரொக்கமாகப் பெறும் முறை, வங்கிக் கணக்கு இல்லாத வீட்டுக்கும் அவசரத்துக்கும். அனுப்பியதும் ஒரு எண் கொடுப்பார்கள். வெஸ்டர்ன் யூனியனில் 10 இலக்கம், மணிகிராமில் 8 இலக்கம். அந்த எண்ணைப் பெறுபவரைத் தவிர வேறு யாருக்கும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூட, போடாதீர்கள்.

எந்த வழியானாலும் அந்த நாட்டில் உரிமம் உள்ளதா என்று பாருங்கள். பிரிட்டனில் எஃப்.சி.ஏ., சிங்கப்பூரில் நாணய ஆணையம், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டிராக் என்று ஒவ்வொரு நாட்டின் கண்காணிப்பு அமைப்பும் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. விளம்பர இணைப்பைத் தட்டிச் செயலி இறக்காதீர்கள், போலிகள் அந்த வழியாகத்தான் வருகின்றன. செயலிக் கடையில் பெயரைத் தேடி இறக்குங்கள்.

5. கட்டணத்தைப் பார்க்காதீர்கள், வீட்டில் போய் விழும் தொகையைப் பாருங்கள்

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் ஆண்டுக்கு நல்லதொரு தொகையை மிச்சம் பிடிக்கலாம்.

வங்கிகள் தமக்குள் நாணயம் வாங்கி விற்கும் விலை ஒன்று உண்டு. அதை நடுச்சந்தை விலை என்பார்கள். கூகுளில் இரண்டு நாணயத்தின் பெயரையும் போட்டால் ஏறக்குறைய அதுதான் வரும். உங்களுக்குக் கொடுக்கும் விலை அதைவிடக் குறைவாக இருக்கும். அந்த இடைவெளியும் ஒரு கட்டணமே, ரசீதில் மட்டும் தெரியாது. ‘கட்டணம் இல்லை’ என்ற அறிவிப்பைக் கண்டால் இந்த இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நடுச்சந்தை விலை ஒன்றுக்கு 80 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 1,000 அனுப்புகிறீர்கள். முதல் நிறுவனம் கட்டணமே இல்லை என்கிறது, விலை 78.40. வீட்டில் விழுவது 78,400. இரண்டாவது நிறுவனம் 5 கட்டணம் வாங்குகிறது, விலை 79.80. மீதி 995ஐ மாற்றினால் 79,401. கட்டணம் வாங்கியவரிடம்தான் 1,001 கூடுதலாகக் கிடைக்கிறது. மாதாமாதம் அனுப்பினால் ஆண்டுக்கு 12,012. முதல் நிறுவனத்தின் உண்மையான செலவு 2 சதவீதம், இரண்டாவதில் முக்கால் சதவீதம்.

ஆகவே எங்கு போனாலும் ஒரே கேள்வி: ‘என் கையிலிருந்து இவ்வளவு போகிறது, வீட்டுக் கணக்கில் எவ்வளவு விழும்?’ மூன்று நிறுவனங்களில், ஒரே பத்து நிமிடத்துக்குள் பாருங்கள். காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் ஒப்பிட்டால் பயனில்லை, விலை நகர்ந்திருக்கும்.

உலக வங்கி நாட்டுக்கு நாடு இந்தச் செலவைத் திரட்டி இணையத்தில் வெளியிடுகிறது. 200 டாலர் அனுப்ப உலகச் சராசரி 6 சதவீதத்துக்கு மேல். 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. நீங்கள் 3 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தால் வேறு வழி தேடிப் பார்க்கலாம்.

இங்கே வேறு சில பொறிகளும் உண்டு. முதல் முறைக்கு மட்டும் சலுகை விலை தருவார்கள். இரண்டாம் முறை விலையைப் பார்த்த பிறகே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டி அனுப்பாதீர்கள். பல வங்கிகள் அதை ரொக்க முன்பணமாகக் கணக்கிட்டு, தனிக் கட்டணமும் முதல் நாளிலிருந்தே வட்டியும் போடும். டாலராக அனுப்பி, ஊர் வங்கியை மாற்றிக்கொள்ளச் சொன்னால் விலை அந்த வங்கியின் விருப்பம். உங்கள் சம்பளம் டாலரில் இல்லையென்றால் இரண்டு முறை மாற்றி இரண்டு முறை இழக்கிறீர்கள். நிலையான கட்டணம் உள்ள இடத்தில் 100ஆக 100ஆக அனுப்புவதும் வீண்: 5 கட்டணம் என்றால் 100க்கு அது 5 சதவீதம், 1,000க்கு அரை சதவீதம்.

ஸ்விஃப்டில் அனுப்பினால் கட்டணத்தை யார் ஏற்பது என்று மூன்று தேர்வு கொடுப்பார்கள். ஓ.யூ.ஆர். என்றால் எல்லாம் உங்கள் தலையில், எஸ்.எச்.ஏ. என்றால் இரு பக்கமும் பங்கு, பி.இ.என். என்றால் பெறுபவரின் தொகையில் பிடித்துக்கொள்வார்கள். கடன் தவணை, வீட்டு முன்பணம் போல ஒரு காசும் குறையக் கூடாத தொகைக்கு ஓ.யூ.ஆர். போடுங்கள்.

6. பெறுபவர் விவரங்களில் தவறும் இடங்கள்

ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் உள்ள நாடுகளில் வேலை ஓரளவு எளிது. முதல் இரண்டு எழுத்து நாடு, அடுத்த இரண்டு இலக்கம் சரிபார்ப்பு. ஒரு இலக்கம் மாறினாலும் கணினி பிடித்துவிடும். ஜெர்மனியில் 22 எழுத்து, ஐக்கிய அரபு அமீரகத்தில் 23, சவூதியில் 24.

ஐபான் இல்லாத நாடுகளில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், அது வேறொருவரின் கணக்காக இருக்கலாம். பல வங்கிகள் பெயரைப் பார்க்காமல் எண்ணை வைத்தே வரவு வைக்கும். எண்ணை இரண்டு முறை தட்டச்சு செய்யுங்கள், நகலெடுத்து ஒட்டாதீர்கள்.

இந்தியாவின் வங்கிக் கிளைக் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி. 11 எழுத்து. ஐந்தாவதாக வருவது எப்போதும் பூஜ்யம், ஆங்கில எழுத்து ஓ அல்ல. வங்கிகள் இணைந்தபோது பழைய குறியீடுகள் பல மாறிவிட்டன, பழைய காசோலைப் புத்தகத்தை நம்ப வேண்டாம். இலங்கைக்கு நான்கு இலக்க வங்கிக் குறியீடும் மூன்று இலக்கக் கிளைக் குறியீடும் வேண்டும். ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்தாக இருக்கும். 11 எழுத்தானால் கடைசி மூன்று எழுத்து கிளையைக் குறிப்பது.

அனுப்பும் நோக்கம் என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். குடும்பச் செலவு என்றால் குடும்பச் செலவு, வீடு வாங்க என்றால் வீடு வாங்க. பின்னால் அந்தப் பணத்தின் மூலத்தைக் காட்ட வேண்டி வரும்போது இந்த ஒரு வரி சாட்சியாக நிற்கும்.

7. முதலில் சிறு தொகை

புதுக் கணக்கு, புதுச் சேவை, எதுவானாலும் குறைந்தபட்சத் தொகையை அனுப்பிப் பாருங்கள். வந்துவிட்டது என்று வீட்டார் வாயால் சொன்னால் போதாது. எவ்வளவு வந்தது, யார் பெயரில் வந்தது என்று வங்கிப் பதிவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சொன்ன தொகைக்கும் விழுந்த தொகைக்கும் வித்தியாசம் இருந்தால் இடையில் யாரோ பிடித்திருக்கிறார்கள்.

8. நாளும் நேரமும்

நாணயச் சந்தை சனி, ஞாயிறு மூடியிருக்கும். அந்த நாட்களில் விலை நகர்ந்துவிடும் என்ற அச்சத்துக்குச் சேர்த்து, பல நிறுவனங்கள் இடைவெளியை அகலப்படுத்திவிடும். வார நடுவில் அனுப்புங்கள்.

இரு நாட்டு விடுமுறையும் கணக்கில் வரும். சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. வீட்டு வங்கிக்குச் சனி, ஞாயிறு என்றால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும் நாள் திங்கள் முதல் வியாழன் வரை நான்குதான். வங்கிகளுக்கு அன்றாடக் கடைசி நேரம் ஒன்றும் உண்டு. அதைத் தாண்டினால் மறுநாள் கணக்கு.

5ஆம் தேதி தவணை என்றால் 28ஆம் தேதியே அனுப்பிவிடுங்கள். விலை இன்னும் ஏறும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுச் செலவுப் பணத்தை மாதம் ஒரே நாளில் அனுப்புவது நல்லது. சேமிப்புப் பணத்துக்கு மட்டும் வேண்டுமானால், நீங்கள் குறித்த விலை வந்ததும் தெரிவிக்கும் விலை அறிவிப்பைச் செயலியில் வைத்துக் காத்திருக்கலாம்.

9. வரம்பும் வரியும்

ஒவ்வொரு சேவைக்கும் ஒரு முறைக்கு, ஒரு நாளைக்கு, ஒரு மாதத்துக்கு என்று வரம்புகள் உண்டு. சம்பளச் சீட்டைக் கொடுத்தால் பெரும்பாலும் உயர்த்துவார்கள்.

பெரிய தொகை அனுப்பினால் அரசுக்குத் தகவல் போகும். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு தொகையும், சிறியதானாலும், ஆஸ்டிராக்குக்குத் தெரிவிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கம் தெரிவிக்கப்படும். தகவல் போவது வரி அல்ல, குற்றச்சாட்டும் அல்ல. ஆனால் தகவல் போகக் கூடாது என்று தொகையைத் துண்டு துண்டாக அனுப்புவது அமெரிக்காவில் தனிக் குற்றம். சம்பளப் பணத்தை மறைக்க ஒரு காரணமும் இல்லை, முழுதாகவே அனுப்புங்கள்.

அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 முதல் ரொக்கம், மணி ஆர்டர், காசாளர் காசோலை கொடுத்து அனுப்பினால் 1 சதவீத வரி உண்டு. வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்காவில் வழங்கப்பட்ட கார்டிலிருந்தோ அனுப்பினால் கிடையாது.

10. உண்டியல் வேண்டாம்

உண்டியல் என்பது வங்கியோ உரிமமோ இல்லாமல் ஆள்மூலம் பணத்தைக் கைமாற்றும் முறை. விலை கூடக் கிடைக்கும், வீட்டு வாசலுக்கே வரும் என்பார்கள். பணம் வராவிட்டால் கேட்க ரசீது இல்லை. வந்தாலும் ஆபத்து உண்டு. வீட்டார் கணக்கில் முன்பின் தெரியாத ஒருவர் போடும் அந்தப் பணம் மோசடியில் பறித்ததாக இருந்தால், காவல்துறை கேட்டதும் வங்கி கணக்கை முடக்கும். அம்மாவின் ஓய்வூதியம் விழும் கணக்காக இருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுபோகும். பல நாடுகளில் இது அனுப்பியவர் மீதும் வழக்குப் போடக்கூடிய குற்றம்.

அறையில் இருப்பவர் தன் பணத்தை உங்கள் கணக்கு வழியாக அனுப்பித் தரச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அவருக்குக் கணக்கு திறக்க உதவுங்கள், அதுவே பெரிய உதவி.

11. ரசீதுகள்

ஒவ்வொரு முறையும் ரசீதை இறக்கி, ஆண்டு வாரியாக மின்னஞ்சலில் சேமியுங்கள். செயலி மூடப்பட்டால் பழைய பதிவுகள் போய்விடும். ஊரில் வீட்டுக்கடன் வாங்கும்போதும், நிலம் பதியும்போதும், வருமான வரித்துறை கேட்கும்போதும் இவைதான் பேசும். பெரிய தொகைக்கு, வாங்கும் வங்கியிடம் வெளிநாட்டுப் பணவரவுச் சான்றும் கேட்டு வாங்குங்கள். உடனே கேட்டால் எளிதில் கிடைக்கும், ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அலைய வேண்டும்.

12. பணம் போய்ச் சேரவில்லை என்றால்

சொன்ன நேரம் கடந்து ஒரு வேலைநாள் பொறுங்கள். பிறகு மின்னஞ்சல், செயலியின் செய்திப்பெட்டி இரண்டையும் பாருங்கள். ஆவணம் கேட்டு அனுப்பிய செய்தி படிக்காமல் கிடப்பதே வழக்கமான காரணம்.

ஸ்விஃப்டில் போன பணம் என்றால், உங்கள் வங்கியிடம் எம்.டி. 103 என்று அவர்கள் வழக்கமாகச் சொல்லும் செய்தி நகலையும், யு.இ.டி.ஆர். என்ற 36 எழுத்துத் தடமறி எண்ணையும் கேளுங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று அதை வைத்துத் தேடலாம். அந்த நகலை வீட்டார் தங்கள் வங்கிக் கிளையில் காட்டினால், ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்று சொல்லி நிறுத்தாமல் அவர்களும் தேடிப் பார்க்க உதவும்.

தவறான கணக்குக்குப் போயிருந்தால் அந்த நிமிடமே அழையுங்கள். அமெரிக்காவிலிருந்து அனுப்புபவர்களுக்கு, பணம் எடுக்கப்படாமலோ வரவு வைக்கப்படாமலோ இருந்தால், கட்டிய 30 நிமிடத்துக்குள் ரத்து செய்யும் உரிமை பொதுவாக உண்டு. பிழை இருந்தால் 180 நாளுக்குள் முறையிடலாம், நிறுவனம் 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். மற்ற இடங்களில் வரவு வைத்துவிட்டால், பெரும்பாலும் அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் திரும்பும், வாரக்கணக்கில் ஆகும்.

முறையீட்டைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். எழுத்தில் கொடுத்து, முறையீட்டு எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு, உரிமம் கொடுத்த கண்காணிப்பு அமைப்பிடமோ நிதிக் குறைதீர்ப்பாளரிடமோ போகலாம். அதற்குள் வீட்டுச் செலவு நிற்கக் கூடாது என்பதற்காகவே இரண்டாவது சேவை ஒன்றிலும் அடையாளச் சோதனையை முடித்து, ஒரு முறையாவது சிறு தொகை அனுப்பித் தயாராக வைத்திருங்கள்.